இருபத்தொன்பதாம் தேதித் தாள்

தனசேகரன் ராகு காலம் பார்க்காதவர். ஆனால் காஞ்சிபுரத்தில் பல வீடுகள் பார்க்கும் ராகு காலத்தைப் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவர் அவர்தான். சின்ன காஞ்சிபுரத்தில் மாணிக்கவேல் நடத்தும் அச்சகத்தில் அவருக்கு டி.டி.பி. வேலை. பட்டுக்கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் தினசரி காலண்டர்கள் அங்கே தயாராகும். பஞ்சாங்க விவரங்களை மாணிக்கவேல் கொண்டுவந்து தருவார். தாளின் அடியில் 'இன்று' என்ற தலைப்பில் இரண்டு வரி வரும். அந்தத் தேதியில் உலகத்தில் என்ன நடந்தது, யார் பிறந்தார்கள் என்று. அந்த இரண்டு வரி தனசேகரனின் பொறுப்பு.

கொரோனா சமயத்தில் அச்சகம் மூடிக் கிடந்தபோது அந்த வேலையை வீட்டிலிருந்து செய்தார். அப்போது ஏழாவது போகவிருந்த மகள் பிரவீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதோடு பாதி வேலை அவளுடையதாகிவிட்டது. செல்போனிலும் பள்ளி நூலகத்துப் புத்தகங்களிலும் தேடி எடுத்து அவள் படிப்பாள், இவர் அடிப்பார். எதைப் போடுவது என்பதில் தினமும் சண்டை.

"எந்தத் தேதிய எடுத்தாலும் சண்டை, குண்டு, யாராவது செத்துப்பூட்டாங்க. காலைல எழுந்து இதையாப்பா படிப்பாங்க? பொறந்தவங்கள போடு."

பிரவீனா பிறந்தது 2008 பிப்ரவரி 29. நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் அவளுக்கு உண்மையான பிறந்த நாள். மற்ற வருஷங்களில் இருபத்தெட்டாம் தேதி ஒரு கேக், மார்ச் ஒன்றாம் தேதி ஒரு கேக் என்று இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்வாள். "எனக்கு நாள் இல்லாம பண்ணது உங்க தப்பு, அதுக்கு ஃபைன்" என்பாள். அவள் அம்மா லில்லி பட்டுக்கடை ஒன்றில் புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறவள். முதல் கேக்குக்கு முகம் சுளித்துவிட்டு இரண்டாவது கேக்கைத் தானே வாங்கி வருவாள்.

2023 ஜூன் மாதம் அடுத்த வருஷத்துக் காலண்டர் வேலை நடந்தது. லீப் வருஷம். பிப்ரவரி இருபத்தொன்பது வந்ததும் பிரவீனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"1960, மொராக்கோவுல அகாதிர்னு ஒரு ஊர்ல பூகம்பம்" என்று தனசேகரன் ஆரம்பித்தார்.

"என் பொறந்த நாள் அன்னைக்குப் பூகம்பமா? வேணாம்பா. மொரார்ஜி தேசாய், 1896. ருக்மிணி தேவி அருண்டேல், 1904. அடிச்சியா? அடுத்தது த. பிரவீனா, 2008."

அவர் சிரித்துக்கொண்டே அடித்தார். பிறகு அழிக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ப்ளீஸ்பா. நாலு வருஷத்துக்கு ஒரு தபாதானே. அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. அன்னைக்குக் காலைல இருபத்தெட்டைக் கிழிச்சதும் அம்மாவே பாக்கட்டும்."

புரூஃப் பார்த்த மாணிக்கவேல் அந்த இடத்தில் பேனாவை வைத்தார். "யாருய்யா இந்த த. பிரவீனா?"

தனசேகரன் தலையைச் சொறிந்தார்.

"சரி சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் மாணிக்கவேல்.

செப்டம்பரில் காலண்டர்கள் அச்சாகி முடிந்தன. தனசேகரன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிரவீனா அதை வாங்கி வைத்துக்கொண்டு, "ஜனவரி ஒண்ணாந்தேதி நம்ம வூட்டுல இதைத்தான் மாட்டணும்" என்றாள்.

நவம்பர் மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் கொதித்தது. ஐந்தாம் நாள் காலையில் உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. விட்டுவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. "பத்தாவதுப்பா, போயே ஆவணும்" என்று கிளம்பினாள். லில்லி வேண்டாம் என்றாள். தனசேகரன்தான், போகட்டும் என்று வண்டியில் கொண்டுபோய் விட்டார். மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்பதை டாக்டர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு, சென்னை ஆஸ்பத்திரியில், எல்லாம் முடிந்துவிட்டது.

அவர்கள் குடியிருக்கும் திருப்புட்குழிக் காலனியில், சர்ச்சுக்குப் பின்னால் அவளை அடக்கம் செய்தார்கள்.

லில்லி டிசம்பர் முழுக்க எழுந்து நடமாடவில்லை. கிறிஸ்துமஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஜனவரி முதல் தேதி மட்டும் எழுந்து பீரோவைத் திறந்தாள். பிரவீனாவின் துணிகளுக்கு நடுவே இருந்த காலண்டரை எடுத்து ஆணியில் மாட்டினாள். "இதைத்தான் மாட்டணும்னு சொல்லிக்கினு இருந்தா" என்று மட்டும் சொன்னாள்.

தனசேகரனுக்கு அப்போதுதான் அந்தத் தாள் ஞாபகம் வந்தது. அந்தக் காலண்டரில் மட்டுமா இருக்கிறது? எட்டாயிரம் காலண்டர்கள். ஊரில் பல சுவர்களில் அவள் பெயர் பிப்ரவரி இருபத்தொன்பதுக்காகக் காத்திருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு லில்லி மெல்ல வேலைக்குப் போக ஆரம்பித்தாள். இரண்டு வாய் சோறு சாப்பிட்டாள். செத்துப்போன பெரியவர்கள் வரிசையில் மகளின் பெயரையும் அச்சில் பார்த்தால் மறுபடி விழுந்துவிடுவாள் என்று அவர் பயந்தார்.

லில்லி வேலை செய்யும் கடைக்குப் போய், அங்கிருந்த அம்சா என்ற பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி அந்தத் தாளை எடுத்துவிடச் செய்தார். சர்ச் அலுவலகத்தில் எடுத்தார். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் எடுத்தார். டீக்கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். கடைசியாக, லில்லி வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், தன் வீட்டுக் காலண்டரிலிருந்து அந்த ஒரு தாளை மட்டும் நகத்தால் கீறி உருவினார். அதில் மகள் பெயர் இருந்தது. அதை ஒரு நொடிக்கு மேல் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். மெல்லிய தாள், போட்டதும் போய்விட்டது.

பிப்ரவரி இருபத்தொன்பது வியாழக்கிழமை. இரண்டு பேருமே வேலைக்குப் போகவில்லை. காலையில் லில்லி இருபத்தெட்டைக் கிழித்தாள். கீழே மார்ச் ஒன்று இருந்தது.

அவள் தாளைத் தூக்கிப் பார்த்தாள். விரலில் எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாங்க, இருபத்தொன்போதே இல்ல?"

"அச்சுல வுட்டுப்போயிருக்கும்" என்றார் தனசேகரன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நாலு வருஷத்துக்கு ஒரு தபா வர்ற நாளு. அதையும் புள்ளைக்கு இல்லாம பண்ணிட்டாங்களே" என்று சொல்லிவிட்டு லில்லி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சொல்லிவிடலாம் என்று அவருக்கு வாய்வரை வந்ததோடு சரி.

மாலை ஐந்து மணிக்குப் புவனேஸ்வரி வந்தாள். பிரவீனாவோடு ஒரே வகுப்பில் படித்தவள், பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். பள்ளிச் சீருடையிலேயே பஸ் ஏறி வந்திருந்தாள். பையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்னக் கட்டை எடுத்து லில்லியின் மடியில் வைத்தாள்.

"எங்க கிளாஸ்ல எல்லாரும் அவங்கவங்க வூட்டுலேர்ந்து கிழிச்சாந்தோம் ஆன்ட்டி. முப்பத்தோரு தாள் இருக்குது. உங்களுக்குக் கொடுக்கலாம்னு."

லில்லி மேல் தாளைப் படித்தாள். பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தாள். அடுத்த தாளை எடுத்தாள். அதிலும் இருந்தது. அழவில்லை. நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"இவளா? இவ பேரா? ஊரு பூரா போட்டாங்களா?"

"ஆமா ஆன்ட்டி. உங்களுக்கு சர்ப்ரைஸ்னு சொன்னா. உங்க வூட்டுத் தாளு இன்னும் ஸ்பெஷல். காலண்டரையே பையில தூக்கினு ஸ்கூலுக்கு வந்தா. இன்டர்வெல்ல பின்பக்கம் உங்களுக்கு எழுதிக்கினு இருந்தா. என்னைப் படிக்க வுடவே இல்ல, கையால மறைச்சிக்கினா. அதை ஒரு தபா காட்டுங்க ஆன்ட்டி, பார்த்துட்டுப் போயிடறேன்."

லில்லி சுவரைப் பார்த்தாள். மார்ச் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் முகமே சொல்லியிருக்கும்.

"எங்க?"

"லில்லி..."

"எங்கன்னு கேக்கறேன்."

"அடுப்புல போட்டுட்டேன். நீ பார்த்தா தாங்க மாட்டேன்னு..."

"பின்னால பார்த்தியா?"

"இல்ல."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று அவர் நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். லில்லி புவனேஸ்வரியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எதுல எழுதினா கண்ணு? பேனாவா?"

"பச்சை ஸ்கெட்ச், ஆன்ட்டி."

"எத்தினி வரி இருக்கும்?"

"தாளு ரொம்பிப் போச்சு ஆன்ட்டி. ஓரத்துல கூட எழுதினா." சொல்லிவிட்டு அவள் அழுதாள். "தெரியாம சொல்லிட்டேன் அங்கிள், தெரியாம சொல்லிட்டேன்."

லில்லி அவளைக் கட்டிக்கொண்டாள். முகம் கழுவவைத்து, காபி கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். வெந்நீர் அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, எத்தனையோ தடவை எரிந்து வாரிக் கொட்டப்பட்ட அடுப்பின் சாம்பலைக் கையால் துழாவினாள். தனசேகரன் வாசலிலேயே நின்றார். உள்ளே போக அவரால் முடியவில்லை.

ஈஸ்டர் வரைக்கும் லில்லி அவரோடு பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், பேச்சு மட்டும் இல்லை. ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து இருவரும் கல்லறைக்குப் போனார்கள். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நிற்கும்போது அவர், "மன்னிச்சிடு லில்லி" என்றார்.

"உன்ன மன்னிக்கிறதா வேணாமான்னு நான் யோசிக்கவே இல்ல" என்றாள் அவள். "அதுல இன்னா எழுதியிருப்பான்னுதான் யோசிச்சிக்கினே இருக்கறேன். வேற ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது."

அடுத்த வருஷக் காலண்டருக்கு 'இன்று' எழுத முடியாது என்று தனசேகரன் மாணிக்கவேலிடம் சொல்லிவிட்டார். மாணிக்கவேல் வேறு ஆளைத் தேடவில்லை. அந்த இடத்தில் இப்போது பட்டுக்கடையின் போன் நம்பர் வருகிறது.

பேச்சு திரும்பியது, ஆனால் முன்பு மாதிரி இல்லை. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்குப் போவார்கள். லில்லி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவாள். திடீரென்று, "சைக்கிள் கேட்டிருப்பா" என்பாள். அவர் "ம்" என்பார். இன்னொரு நாள், "ரெண்டு கேக்கு வேணாம்மா, இந்தத் தபா ஒண்ணு போதும்னு எழுதியிருப்பா" என்பாள். ஒரு நாள், "எங்கூட சண்டை போட்டதுக்கு சாரி கேட்டிருப்பாளா?" என்று கேட்டாள்.

போன ஆடி மாதம், பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போது லில்லி சொன்னாள்:

"அப்பாவைத் திட்டாதம்மா, நான்தான் பேரைப் போடச் சொன்னேன்னு எழுதியிருப்பா. எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் எது பண்ணாலும் அப்படித்தானே வந்து நிப்பா."

அதற்குப் பிறகு அவள் வேறு எதையும் யோசித்துச் சொல்லவில்லை. அதுதான் என்று முடிவு பண்ணிவிட்டாள் போலிருக்கிறது. தனசேகரனால்தான் அதை நம்ப முடியவில்லை.