பச்சைப் பட்டன்

மேற்குச் சுமத்ராவில், கடலைப் பார்த்த ஒரு டீக்கடை மாடியை ஒரு செயலியைச் சோதிக்க வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். சுனாமி வந்தால் செல்பேசியில் அலறி எச்சரிக்கும் செயலி அது. பழைய திரையை முதலிலும் புதிய திரையை அடுத்தும் ஊர்க்காரர்கள் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது தெஸ்ரினாவின் வேலை. வந்தவர்கள் திருதிருவென்று விழித்தாலும் அவள் வாயைத் திறக்கக் கூடாது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஊமையாக இருக்கிறாள் என்று கணவனே கேலி செய்வான்.

காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் பழைய திரையில் ஒன்றையேதான் செய்தார்கள். சங்கு அலறியதும், எதையும் படிக்காமல், பெரிய பச்சைப் பட்டனை அமுக்கிச் சத்தத்தை அடக்கினார்கள். அதன்மேல் ‘நான் பத்திரம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

மதியம் யுஸ்னிதார் வந்தாள். சந்தையில் கருவாடு விற்பவள்.

“உக்காருங்கக்கா. ஃபோனைத்தான் சோதிக்கிறோம், உங்கள இல்ல. மனசுல ஓடுறத அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க.”

“வாய்க்கென்ன பஞ்சம்? சந்தையில எனக்கு ஸ்பீக்கர்னுதான் பேரு!” சிரித்துக்கொண்டே தன் சொந்தச் செல்பேசியை எடுத்து நீட்டினாள். “இது எனக்கும் பழக்கம்தான். பாரு, எங்க வீட்டுக்காரரு.”

‘அஃப்ரிசால்: பத்திரம்’ என்று பச்சையில் ஒளிர்ந்தது.

“போன வருஷம் அலை வந்த அன்னிக்கி, மீன் புடிக்கப் போன படகுலேருந்து போட்டாரு. ஆளு இன்னும் வரல, பொணமும் கெடைக்கல. பாத்திஹா ஓதிடுன்னு அவரு அக்கா நச்சரிக்குறா. உசுரோட இருக்குற மனுஷனுக்கு ஓதுவாங்களா? பத்திரம்னு அவரே சொல்லிருக்காரே! எங்கயோ நெனப்புத் தப்பிக் கெடக்காரு. வந்துருவாரு.”

காலையிலிருந்து பச்சையை அமுக்கிய விரல்களெல்லாம் தெஸ்ரினாவுக்கு நினைவு வந்தன. ஐயோ, இவளையா இந்த நாற்காலியில் உட்கார வைத்தோம்!

“அக்கா, இன்னிக்கி நெட்டு சரியில்ல. சோதனைய இன்னொரு நாள் வச்சுக்கலாம்…”

அதற்குள், அவள் பெயரைப் பதிந்து நேரம் குறித்து மேஜையில் வைத்திருந்த சோதனைச் செல்பேசி அலறிவிட்டது. அலை வந்த நாளில் ஊரெல்லாம் கேட்ட அதே சங்கு. யுஸ்னிதாரின் முகத்தில் ரத்தம் வற்றியது. பாய்ந்து எடுத்தாள், கட்டைவிரலை அழுத்தினாள். சத்தம் நின்றது.

திரையில் ‘யுஸ்னிதார்: பத்திரம்’ என்று வந்தது.

“என் பேரு எதுக்கு வருது? நான் பத்திரம்னு சொல்லவே இல்லையே. சத்தத்தத்தானே நிறுத்துனேன்…”

தன் விரலையே வெறித்துப் பார்த்தாள். அது வேறு யாருடைய விரலோ என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“எல்லாருமே இப்படித்தான் அமுக்குறாங்களா, தங்கச்சி?”

வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் இதற்கு மேலும் ஊமையாக இருப்பது மகாபாவம் என்று தெஸ்ரினாவுக்குப் பட்டது.

“ஆமாக்கா. எல்லாரும்தான்.”

“இன்னொரு தடவ அடிக்க விடு.”

யுஸ்னிதார் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். சங்கு அலறியது. அன்று படகில் தனியாக நின்ற அஃப்ரிசாலும் இதைத்தான் கேட்டிருப்பான். உதட்டைக் கடித்தாள், கண்ணை மூடினாள். ஆனாலும் கை பிய்த்துக்கொண்டு வந்து பச்சையை அமுக்கியது.

தன் செல்பேசியில் ஒளிர்ந்த அஃப்ரிசாலின் பச்சையை ஒருமுறை பார்த்து, திரையை அணைத்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள்.

“நாளைக்கி சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் எங்க வீட்டுல பாத்திஹா,” என்றாள். “நீயும் வந்துரு.”