இடது பக்கத்துக் கொக்கி

சக்கரங்களுக்குப் பஞ்சு சுற்றியாயிற்று. கைப்பிடிக்கும் சுற்றியாயிற்று. மடக்கிய குழந்தைத் தள்ளுவண்டியைப் போர்டிகோ தரையில் படுக்க வைத்து, மேலே காடாத் துணியை இழுத்துப் போர்த்தினாள் பாண்டிசெல்வி. பஞ்சும் துணியும் காலையில்தான் யூனிட்டிலிருந்து டெம்போவில் வந்திறங்கியிருந்தன. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற சரக்கு.

சத்திரப்பட்டி ரோட்டில் இருந்தது ஜெபக்குமாரின் பேண்டேஜ் யூனிட். அதில் பாண்டிசெல்விக்குப் பேக்கிங் வேலை. அவருடைய மகள் பிரிஸ்கில்லா கைக்குழந்தையோடு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததும், "வீட்டுல கொஞ்ச நாள் பிள்ளையப் பாத்துக்கோம்மா" என்று ஜெபக்குமார் அவளை ராஜபாளையத்து வீட்டுக்கு மாற்றிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, விளக்கு வைத்த பிறகு திரும்பினாள். பாப்பா இப்போது தாயிடம் இருப்பதைவிட இவள் இடுப்பில்தான் அதிகம் இருந்தது. இன்று சாயங்காலம் அவர்கள் மதுரைக்குப் போய் விமானம் ஏறுகிறார்கள்.

விமானத்துக்கு எந்த வண்டி என்பதில் ஒரு வாரம் வீடு ரெண்டுபட்டது. மூன்று வண்டிகளை ஆன்லைனில் வரவழைத்திருந்தார்கள். பெரியது மடக்கினாலும் ஒரு சைக்கிள் அளவு இடத்தை அடைத்தது. சின்னது குடை மாதிரி மடங்கும், விமானத்துக்குள்ளேயே கொண்டுபோகலாம், ஆனால் பாப்பா அதில் காலை நீட்டிப் படுக்க முடியாது. நடுத்தரமானதில் படுக்கலாம், ஆனால் பெட்டிகளோடு சேர்த்து ஏற்றத்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அரிசிப் பையை உட்கார வைத்து, ஹாலுக்கும் கேட்டுக்குமாகத் தள்ளிக் காட்டியது பாண்டிசெல்விதான். மருமகன் ஜோயல் சின்னது போதும் என்றான். பிரிஸ்கில்லா நடுத்தரமே வேண்டும் என்றாள், அதுவே முடிவானது.

"அங்க எங்க வீடு மேட்டுல இருக்குக்கா. கீழ எறங்குனா மெயின் ரோடு. வண்டி உறுதியா இருக்கணும்" என்று அவளிடம் சொன்னாள் பிரிஸ்கில்லா. விரிப்பதற்கும் சொல்லிக் கொடுத்தாள். "ரெண்டு பக்கக் கொக்கியும் டக், டக்குன்னு மாட்டுற சத்தம் கேக்கணும். ஒண்ணு கேக்கலைன்னாலும் பாப்பாவ உக்கார வைக்கக் கூடாது. அப்படியே மடங்கிரும்."

வண்டிக்கு என்று வாங்கிய உறை மெல்லிசாக இருந்தது. விமானத்தில் பெட்டிகளைத் தூக்கி எறிவதைப் பற்றி பிரிஸ்கில்லா போனில் பார்த்துப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள். ஜெபக்குமார் சிரித்தார்.

"ஜெர்மனி வரைக்கும் பொதி அனுப்புறோம். ஒரு வண்டியக் கட்டி அனுப்பத் தெரியாதா? பாண்டிசெல்வி கட்டுன பொதி இதுவரைக்கும் ஒண்ணுகூட அவிழ்ந்து வந்ததில்ல. ஏம்மா, நம்ம எக்ஸ்போர்ட் பொதி மாதிரியே கட்டிரு."

அப்படித்தான் கட்டினாள். நைலான் பட்டையைச் சுற்றிக் கொடுத்து, முழங்காலைப் பொதியின் மேல் ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கி, பட்டையை இழுத்தாள். பேண்டேஜ் பொதி அப்படி இழுத்தால்தான் இறுகும். துணி எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும்.

உள்ளே படக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

முழங்காலை எடுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். டிரைவர் தெருவில் காரைத் துடைத்துக் கொண்டிருந்தான், மற்ற எல்லாரும் உள்ளே இருந்தார்கள். துணி மடிப்புக்குள் கையைவிட்டுத் துழாவினாள். கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று, புளியங்கொட்டை அளவுக்கு, விரலோடு வந்தது. இடது பக்கத்துக் கொக்கியின் முனை அது.  துண்டை முந்தானை முனையில் முடிந்து இடுப்பில் செருகினாள். பட்டையின் மிச்சத்தைக் கட்டி முடித்தாள். வெளியிலிருந்து பார்க்கப் பொதி அழகாகவே இருந்தது.

போன தீபாவளிக்கு முன்னால் மெஷின் பார்க்கிற ஆண்டிச்சாமியின் கையிலிருந்த எண்ணெய் ஒரு ரோலில் பட்டுவிட்டது. மறுநாள் அவனைக் கேட்டுக்குள் விடவில்லை. பதினொரு வருசம் வேலை பார்த்தவன். அந்த நினைப்பு வந்ததும், கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல்லின் பக்கத்தில் நின்று புருசனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். லாரிக்கு மூட்டை ஏற்றும்போது முதுகுத்தண்டு விலகி, ஐப்பசியிலிருந்து வீட்டில் படுத்துக் கிடந்தான் வீரணன்.

"யாரும் பாத்தாகளா?" என்றான்.

"இல்ல."

"பொறவென்ன? பிளேன்ல தூக்கிப் போட்டதுல ஒடஞ்சுச்சுன்னு நெனச்சுக்கிருவாக. நீ வாயத் தொறக்காத."

"பாப்பாவ அதுலதான உக்கார வைப்பாக. ஒரு கொக்கியிலயும் அது நிக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும். மேட்டுல எறங்கும்போது மடங்குச்சுன்னா?"

 போனில் வீரணனின் கட்டில் கிரீச்சிட்டது.

"ஏட்டி, நாம என்னத்தத் திங்க?" என்று கேட்டுவிட்டு அவனே போனை வைத்தான்.

அவள் திரும்பி வந்தபோது ஜோயல் பொதியைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக் கொண்டிருந்தான். "சூப்பரா கட்டியிருக்கீங்க" என்றான். "கட்டுறதுக்கு முன்னாடியும் எடுத்து வச்சிருக்கேன். உடஞ்சு வந்தா ஏர்லைன்ஸ்காரன் புதுசு குடுத்துத்தான் ஆகணும்."

பாண்டிசெல்வி பொதியைப் பார்த்தாள். சும்மா இருந்தால் போதும். பழி கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவன் மேல் போகும், இவர்களுக்குப் புது வண்டி வரும், அவளுக்கு வேலை இருக்கும். பாப்பாவுக்குப் பால் கொடுக்கப் போனாள். பாட்டிலைப் பிடித்திருந்த அவள் கையின் சுண்டுவிரலைப் பாப்பா கெட்டியாகப் பற்றிக்கொண்டது. வண்டி மடங்கினால் இந்த விரல்கள்தான் முதலில் அகப்படும்.  விரலை விடுவித்துக்கொள்ளாமலே பால் முழுவதையும் கொடுத்து முடித்தாள்.

புறப்படும் முன் போர்டிகோவில் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். ஜெபக்குமார் கண்ணை மூடி ஜெபித்தார். போகிற வழியிலும் ஆகாயத்திலும் ஒரு தீங்கும் பிள்ளையை அணுகாதபடி காத்துக்கொள்ளும்படி கேட்டார். இந்தக் குடும்பத்துக்காக உழைக்கிறவர்களையும் ஆசீர்வதிக்கும்படி கேட்டார். பாண்டிசெல்வி கண்ணை மூடவில்லை. டிக்கியில் பெட்டிகள் ஏறிவிட்டன, பொதி மட்டும் கீழே இருந்தது. முந்தானை முடிச்சை நெருடிக்கொண்டே இருந்தாள். ஆமென் என்று எல்லாரும் சொன்னதும் டிரைவர் பொதியைத் தூக்கக் குனிந்தான்.

"தூக்காதீங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "அத ஏத்தாதீங்கண்ணே. ஒடஞ்சிருக்கு."

முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் இழுத்து அவிழ்த்து, கறுப்புத் துண்டை எடுத்து நீட்டினாள். "நாந்தான்மா ஒடச்சேன். முழங்காலப் போட்டு அமுக்குனேன். பாப்பாவ அதுல வச்சிராதீங்க."

பிரிஸ்கில்லாவின் முகம் வெளிறிப்போனது. துண்டை வாங்கிப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள். ஜோயல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல? அந்தச் சின்ன வண்டிய எடுங்க. கையிலயே கொண்டு போயிரலாம். பேக்கிங்கே தேவையில்ல."

டிரைவர் உள்ளே போய்ச் சின்ன வண்டியை எடுத்து வந்து முன் சீட்டுக் காலடியில் செருகினான். அவ்வளவுதான். அவள் மத்தியானத்திலிருந்து செத்துப் பிழைத்துக் கொண்டிருந்த காரியம், காருக்கு ஏசி போடுவதற்குள் முடிந்துவிட்டது.

பிரிஸ்கில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேளை சொன்னீங்கக்கா. இல்லாட்டி..." என்று சொல்லும்போதே கண் கலங்கியது. பாண்டிசெல்விக்கும் அழுகை வந்தது. பயமெல்லாம் அழுகையாகப் போய்விட்டது என்றே நினைத்தாள்.

ஜெபக்குமார் பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"எப்பம்மா ஒடஞ்சது?"

"மத்தியானம்யா. சாப்பாட்டுக்கு முன்னால."

"இப்ப மணி நாலு" என்றார். பிறகு காரில் ஏறிக்கொண்டார்.

பாப்பா கண்ணாடிக்கு உள்ளிருந்து கையை ஆட்டியது. கார் திரும்பி மறையும்வரை இவளும் ஆட்டினாள்.

திங்கட்கிழமை டிபன் பாக்ஸோடு யூனிட்டுக்குப் போனாள். சூப்பர்வைசர் வேலுசாமி கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். 

"உள்ள வராதம்மா" என்றார். "அய்யா சொல்லிட்டாக."

"வண்டிக்கு வேணா கொஞ்சங் கொஞ்சமாச் சம்பளத்துல..."

"ஒடச்சதுக்கு இல்லையாம். மனுசன் கையில எதுவும் ஒடையும்னாக. நாலு மணி வரைக்கும் முந்தானைல முடிஞ்சு வச்சுக்கிட்டுத் திரிஞ்சியாம்ல? எக்ஸ்போர்ட் சரக்குலயும் இப்படி எதையாச்சும் மறச்சா கம்பெனி என்னத்துக்காகும்னு கேக்காக."

"நாஞ் சொன்னேன்ல அண்ணாச்சி? சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே."

வேலுசாமி தலையைச் சொறிந்தார். "அத நான் எப்பிடிம்மா அவுககிட்டக் கேக்க? ரெண்டு மாசம் கழிச்சு வந்து பாரு" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

அவள் அங்கேயே நின்றாள். பஸ்ஸில் வந்த பெண்கள் ஒவ்வொருவராக அவளைக் கடந்து போனார்கள். விசயம் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தி மட்டும் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பின்னால், ரோட்டுக் குழாய்ப் பக்கமிருந்து வாட்ச்மேன் மொக்கைச்சாமி வந்தார். வழக்கமாகத் தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர், இன்று எதையோ தள்ளிக்கொண்டு வந்தார். அந்த நடுத்தர வண்டிதான். பாப்பா உட்கார வேண்டிய இடத்தில் கேன் உட்கார்ந்திருந்தது.

"அய்யா வீட்டுல தூரப் போடக் கெடந்துச்சுத்தா" என்றார் கிழவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. "ஒரு பக்கம் கொக்கி இல்ல, அம்புட்டுத்தான். நம்ம வேஸ்டுல கெடந்த பேண்டேஜ எடுத்து நாலு சுத்துச் சுத்துனேன். இரும்பு மாதிரி நிக்குது பாரு."

காட்டுவதற்காகக் கைப்பிடியைப் பிடித்து அமுக்கினார். வண்டி அசையவில்லை. இடது பக்கத்தில், வெள்ளைத் துணி பிசிறில்லாமல் இறுக்கிச் சுற்றியிருந்தது.

"வாத்தா, வேலைச் சங்கு ஊதிரப்போறான்" என்று சொல்லிக்கொண்டே அவர் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். கேட்டின் இரும்புப் படியில் சக்கரம் ஏறி இறங்கியது, கேனிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.