பின்னோக்கி நடந்த ஊர்வலம்

முர்டோ கெடஸ் உட்கார்ந்தது என்னவோ கல் பெஞ்சில்தான். அதன் மேல் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஊதும் பைக்குழல் ஒன்று இருந்தது என்பது உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கும், ஆர்டுகேர்ன் கோட்டைத் தோட்டத்தில் நின்ற கல்யாணக் கூட்டத்துக்கும் தெரிந்தது.

அவன் மேல் முழுத் தப்பும் இல்லை. தேவாலயத்தின் வாசல் வளைவு முழுசாகப் படத்தில் விழவேண்டுமே என்று காமிராவைக் கண்ணில் வைத்தபடி பின்னால் நகர்ந்தான். பெஞ்சு காலைத் தட்டியது. உடம்பு தானாக உட்கார்ந்துகொண்டது.

குழல் அலறிய அலறலில் ஏரிக்கரையில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. மணப்பெண் மைரி, இரட்டைக் காது வைத்த வெள்ளிக் கிண்ணத்தை அப்போதுதான் வாய்க்குக் கொண்டுபோயிருந்தாள். விஸ்கியில் பாதி அவள் தொண்டைக்கும் மீதி மாப்பிள்ளை ருவாரியின் சட்டைக்கும் போய்ச் சேர்ந்தது. பின்வரிசைக்காரர்கள் ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று நினைத்துப் பூவிதழ்களை வாரி இறைத்துவிட்டு, கோட்டையைப் பார்த்து நடக்கவே தொடங்கிவிட்டார்கள்.

"எழுந்திருடா! இன்னும் என்ன அடைகாத்துக்கிட்டு இருக்க?" குழல்காரன் டூகல் இடுப்பில் கட்டிய கில்ட் பாவாடை பறக்க ஓடி வந்தான்.

"மெதுவாத்தான் உக்காந்தேன், டூகல்."

"மெதுவாவா? உன் உடம்ப வச்சுக்கிட்டா? எங்க தாத்தா இதச் சண்டைக்கெல்லாம் தூக்கிட்டுப் போயிருக்காரு. அங்கயெல்லாம் குண்டடி படாமத் திரும்பி வந்துச்சு. கடைசியில உன் பின்பக்கத்துக்கிட்ட தோத்துப்போச்சு, பாவம்."

பை கிழிந்திருந்தது. ஊதுகுழாய் இரண்டாக முறிந்து கிடந்தது. டூகல் அதைக் கையில் ஏந்திய விதத்தைப் பார்த்து ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார்.

மாப்பிள்ளையின் அம்மா திருமதி கிலிஸ் முன்னால் வந்தார். கோட்டையை மூன்று முறை முற்றுகையிட்டுத் தோற்றுப் போனவர்கள் இந்தம்மாவை அனுப்பியிருந்தால் அன்றைக்கே கதவு திறந்திருக்கும்.

"போட்டோக்காரரே, இந்தச் சாலையில பாட்டு இல்லாமப் போறது சவப்பெட்டி மட்டும்தான். எம் மருமக ஊமையா நடந்து வாசப்படி ஏற மாட்டா. உடைச்சது நீங்க. வழியும் நீங்களே பண்ணுங்க."

"வேணும்னா நான் விசிலடிச்சுக்கிட்டே வரட்டுமா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. முர்டோவுக்கு வேடிக்கைப் பேச்சு விக்கல் மாதிரி. வரக்கூடாத நேரத்தில்தான் வரும்.

வழி ஒன்றுதான் இருந்தது. அது மேலே கோட்டைக் கூடத்தில், இரவு நடனத்துக்காக நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அக்கார்டியன் வாசிக்கும் இஷ்பெல்.

காலையிலிருந்து அவன் அவள் கண்ணில் படாமல்தான் சுற்றிக்கொண்டிருந்தான். சனிக்கிழமைப் படகில் அவள் லூயிஸ் தீவுக்குப் போகிறாள். அண்ணன் விட்டுப்போன வீடு அங்கே இருக்கிறது. திரும்பி வரும் எண்ணம் இல்லை. வாத்தியக் குழுவையும் கலைத்தாகிவிட்டது. அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று அவனிடம் இருந்தது. இன்றைக்கு விட்டால் பிறகு அதைக் கடல் காற்றிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்காமல் இருந்தவனும் இல்லை. கோடைக்கு ஒரு முறையாவது கேட்டுக்கொண்டுதான் இருந்தான். காமிராவில் ஃபிலிம் சுருள் போட்ட காலத்திலிருந்து இந்தக் கோட்டைக் கல்யாணங்களுக்கு அவன் படம் பிடிக்க வருவான், அவள் வாசிக்க வருவாள். கடைசி நடனம் முடியும்போது காமிராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, "இஷ்பெல், நாமளும் பண்ணிக்கலாமா?" என்பான். அவள் வாய் திறப்பதற்குள் தானே சிரித்தும் விடுவான். அவளும் சளைத்தவள் இல்லை. ஒரு வருஷம், "மொதல்ல அந்தச் சட்டையில பித்தானத் தை." இன்னொரு வருஷம், "மழை நிக்கட்டும், பாக்கலாம்." மழை நின்றபிறகு கல்யாணம் என்று மழையே ஓயாத இந்த ஊரில் ஒருத்தி சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூச்சிரைக்கப் படியேறிப் போய் நின்றான்.

"இஷ்பெல், ஒரு உதவி."

"எத உடைச்ச?"

"டூகலோட பைக்குழல."

"அந்தச் சத்தம் அதானா? நான் மாடு எதுவோ கன்னு போடுதுன்னுல்ல நெனச்சேன்! எப்படி உடைச்ச?"

"உக்காந்து."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒன்றும் கேட்காமல் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் இஷ்பெல், அவளுக்குப் பின்னால் மைரியும் ருவாரியும், அதற்கும் பின்னால் கூட்டம். இரண்டு பக்கமும் அடர்ந்த மரங்கள். இலைக்குள் புகுந்து வந்த வெயில் பச்சையாக விழுந்தது. எல்லாருக்கும் முன்னால், முகத்தைக் கூட்டத்தின் பக்கம் வைத்து முதுகால் வழி தேடிக்கொண்டு முர்டோ. அப்படி நடக்கிறவனுக்குக் கண் எதிரில் இருப்பவர்தான். இத்தனை கோடைகளிலும் நடன மேடை ஓரத்தில், கொட்டகைக் கயிறுகளுக்கு நடுவில், அவன் பின்வாங்கும்போதெல்லாம் வாசிப்பை விடாமல் தலையாட்டி வழி சொன்னவள் இஷ்பெல்தான்.

"இடப் பக்கம் வேரு," என்றாள் அவள்.

நகர்ந்தான். காமிராவுக்குள் அவள் முகம் தெரிந்தது. ஒரு வருஷம் காற்று கூடாரத்தைப் பிடுங்கி ஏரியில் போட்டதும், நனைந்துபோன மணப்பெண் இவள் தோளில் சாய்ந்து சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கியதும் நினைவுக்கு வந்தது. மின்சாரம் போன இன்னொரு வருஷம், வண்டிகளை வட்டமாக நிறுத்தி விளக்கைப் போட்டு, அந்த வெளிச்சத்தில் விடியும்வரை ஆடினார்கள். அன்றைக்கு அவன் எடுத்ததில் ஒரு படத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதில் மணப்பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அக்கார்டியன் கட்டைகளின் மேல் ஓடிக் கலங்கிப்போன ஒரு கை மட்டும். அந்தக் கை இப்போது கொஞ்சம் சுருங்கியிருந்தது. வேகம் அப்படியேதான் இருந்தது.

"சனிக்கிழமைதானா?" என்றான்.

"சனிக்கிழமைதான். வலப் பக்கம் குழி."

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"குதிரைச் சாணி. நல்லாத் தள்ளி வா."

"இஷ்பெல், நான் சாணியப் பத்திப் பேசல."

"நான் சாணியப் பத்தித்தான் பேசுறேன். வாடகை ஷூ வேற போட்டிருக்க."

பின்னால் ருவாரி களுக்கென்று சிரித்தான். மைரி அவன் விலாவில் இடித்தாள். மரநிழலில் பொடிப்பூச்சிகள் கூட்டமாக இறங்கி இஷ்பெலின் நெற்றியில் மொய்த்தன. இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்க, அவள் மூக்கைச் சுளித்தும் புருவத்தை ஆட்டியும் பார்த்தாள். முர்டோ ஒரு கையால் கைக்குட்டையை எடுத்து, பின்னோக்கி நடந்தபடியே அவள் நெற்றிக்கு விசிறினான்.

"நாமளும் பண்ணிக்கலாமா?" என்றான். சிரிப்பு பழக்கத்தில் தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினான்.

அவளுடைய பாட்டு ஓர் இடத்தில் இடறி, சமாளித்துக்கொண்டது.

"கண்ணுல ஒரு பெட்டிய ஒட்டிக்கிட்டுக் கேக்குற ஆளுக்கு என்னத்தப் பதில் சொல்றது?" என்றாள் மெல்ல. "எல்லா வருஷமும் இப்படித்தான் கேட்ட. நீ அழுறியா சிரிக்கிறியான்னே எனக்குத் தெரிஞ்சதில்ல. படி வருது, பாத்து."

அவன் குதிகாலில் கோட்டை வாசலின் முதல் படி இடித்தது.

மேல்படியில் திருமதி கிலிஸ் தட்டோடு தயாராக நின்றார். கூட்டத்தின் ஓரமாக அவசரமாக நடந்து முன்னாலேயே வந்து ஏறியிருந்தார். தட்டில் மைரியின் தலைமேல் உடைக்க வேண்டிய ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் ரொட்டி. மற்றப் படமெல்லாம் கெட்டாலும் போகட்டும், மருமகள் வாசல் மிதிக்கும்போது ரொட்டி உடையும் இந்தப் படம் மட்டும் தப்பக்கூடாது என்று அவர் காலையிலிருந்து நான்கு முறை சொல்லியிருந்தார்.

மைரி படியேறி வந்து தலையைக் குனிந்தாள். திருமதி கிலிஸ் கையை உயர்த்தினார்.

முர்டோ காமிராவைக் கண்ணிலிருந்து இறக்கினான். அது நெஞ்சில் தொங்கியது. மைரி இருந்த பக்கம் உத்தேசமாக அதைத் திருப்பிவைத்து, பார்க்காமலேயே விரலால் அமுக்கிக்கொண்டே இருந்தான். கண் இரண்டும் இஷ்பெல் மேல் இருந்தன. காமிரா மறைக்காத முகம் அவனுக்கே குளிர்ந்தது, கோடையிலும்.

"நான் சிரிக்கல, இஷ்பெல்."

"தெரியுது."

"அப்பப் பதில் சொல்லு. மழை, பித்தான்னு சொல்லாத. நான் உனக்கு வேணுமா, வேண்டாமா?"

ரொட்டி மைரியின் தலையில் நொறுங்கி நாலா பக்கமும் சிதறியது. பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு அதிர்ஷ்டத் துணுக்குகளைப் பொறுக்க விழுந்தார்கள். "எடுத்தாச்சா? போட்டோக்காரரே, எடுத்தாச்சா?" என்று திருமதி கிலிஸ் கத்தினார். முர்டோ திரும்பவில்லை.

இஷ்பெல் பாட்டை முடித்தாள். அக்கார்டியனின் மடிப்புகளை அழுத்தி மூடி வாரைப் பூட்டினாள். தலைமுடியில் விழுந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிடாமல் அவனை நேராகப் பார்த்தாள்.

"வேணும், முர்டோ," என்றாள். "முதல் வருஷத்துல இருந்தே வேணும். ஆனா நான் இங்க தங்க மாட்டேன். நீதான் அங்க வரணும்."