நாடி பிடித்தவன்

சட்டையின் வலது கைப் பித்தானைப் போடும்போதுதான் அவள் அந்தத் தடங்களைப் பார்த்தாள். அப்பாவின் மணிக்கட்டில், உள்பக்கமாக, மூன்று விரல் தடங்கள் கருநீலமாக வரிசையாகப் பதிந்திருந்தன. சட்டையை அவளே தேய்த்து எடுத்து வந்திருந்தாள். சலவைக் கடையில் நாளெல்லாம் ஊரார் சட்டைகளைத் தேய்க்கிறவள்தான், ஆனால் அப்பாவுக்கென்று ஒரு சட்டை தேய்த்து வெகு காலமாகியிருந்தது. கை மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அதற்குக் கீழே அந்தத் தடங்கள்.

"கொஞ்சம் பவுடர் போட்டா மறைஞ்சிடும்மா," என்றார் இறுதிச்சடங்கு மண்டபத்து ஆள். இறந்தவர்களுக்கு உடுத்தி, தலை சீவி, பெட்டியில் வைத்து மூடி அனுப்புவது அவர் வேலை.

"வேண்டாம்ங்க."

"பாக்கறவங்க என்னன்னு கேப்பாங்களே."

"கேக்கறவங்க யாரும் வர மாட்டாங்க. தெரிஞ்சவங்கதான் வருவாங்க."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய தொழிலில் அது ஒரு நல்ல பழக்கம்.

முகம் கழுவிக்கொண்டிருந்தபோது இதயம் நின்றுவிட்டதாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் பொய் என்று எதையும் சொல்ல முடியாது. முகம் தண்ணீரில்தான் இருந்தது. இதயமும் நின்றுதான் போயிற்று.

அவர்கள் வீட்டில் வாய் அகன்ற பாத்திரமே கிடையாது. அவளுக்கு விவரம் தெரிந்த வயதில் ஒருநாள் அம்மா எல்லாவற்றையும் தூக்கி எறிந்தாள். வாளி போயிற்று, துணி அலசும் தொட்டி போயிற்று, மாவு பிசையும் பாத்திரம் போயிற்று. ஒரு மனித முகம் உள்ளே போகும் அளவுக்கு எது இருந்ததோ அதெல்லாம் வாசலைத் தாண்டியது. சூப் கிண்ணம் தப்பித்துவிடும் என்று அவளும் தம்பியும் நினைத்தார்கள். அம்மா அதில் தன் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, மூக்கில் ஒட்டிய பருக்கையோடு அதையும் எறிந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல், போகிற கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பொது நீச்சல் குளத்தில் வேலை பார்த்தவர். அடியில் பெயர்ந்த ஓடுகளை மூச்சடக்கி மூழ்கி ஒட்டுவார். அந்த மூச்சுதான் அவரைக் கெடுத்தது. குளியலறைச் சாமான் விற்கும் ஒரு கடையின் மாடியில் மூச்சடக்கும் ஆட்டம் ஒன்று நடந்தது. கீழே கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று கழுவு தொட்டிகள்; மேலே ஒரு மேசை, இரண்டு பக்கமும் இரண்டு ஆள், ஆளுக்கொரு பேசின் தண்ணீர். முகத்தை உள்ளே வைக்க வேண்டும். முதலில் தூக்குகிறவன் தோற்றவன். ஒவ்வொருவன் பக்கத்திலும் அவன் நம்புகிற ஒரு ஆள் உட்கார்ந்து, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பான். நாடி தடுமாறினால் தலையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். உயிர் மிஞ்சும், ஆட்டம் போய்விடும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சத்தமே இல்லாமல் பந்தயம் கட்டுவார்கள். அங்கே அப்பாவுக்குக் கல்லு என்று பெயர்.

அம்மா அவரை அங்கிருந்து இழுத்துவந்தாள். எப்படி இழுத்தாள் என்று அவள் சொன்னதே இல்லை. அம்மா கண்ணை மூடும்வரை வீட்டில் எல்லாம் குழாயடியில்தான் கழுவப்பட்டன. அதன்பிறகும் அதே பழக்கம் நீடித்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டிடத்தின் லிஃப்டைப் பழுது பார்க்கப் போனவன் மேலே ஏறி, ஒரு ஆட்டம் பார்த்து, இன்னொரு ஆட்டம் ஆடி, கடைசியில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டான். பந்தயத்தில் வைக்க வேறு எதுவும் இல்லாதவர்கள் அங்கே ஷூவை வைப்பார்கள். ஷூவை வைப்பதென்றால் தன்னையே வைப்பது. தோற்றால் அங்கேயே இருந்துவிட வேண்டும். தண்ணீர் மாற்ற வேண்டும், தரை துடைக்க வேண்டும், ஆள் குறைந்தால் மேசையில் உட்கார வேண்டும். கதவைப் பூட்டுவதில்லை. இருந்தும் ஒருவரும் படியிறங்கிப் போனதில்லை. அவள் ஒருமுறை போய்ப் பார்த்தாள். மாடிப்படியின் திருப்பத்தில் வெறுங்காலோடு நின்று, "போயிடுக்கா, இங்கெல்லாம் ஈரம். வழுக்கிடும்," என்றான்.

போன மாதம் அப்பா, கால் வலிக்கிறது, வெந்நீரில் ஊறவைக்க ஒரு பேசின் வாங்கி வா என்றார். நீல நிறத்தில் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அவர் கால் ஈரமாக இருந்து அவள் பார்க்கவேயில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டாள்.

பெட்டியைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தார்கள். சற்று நேரத்தில் அவர்கள் வந்தார்கள். முன்னால் அந்த மாடியை நடத்துகிற முதலாளியம்மா, கையில் ஒரு காகிதப் பையோடு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போக வந்தவள் மாதிரி சாதாரணமாக இருந்தாள். அவளுக்குப் பின்னால் பல் டாக்டர். நேற்று மேசையில் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் அவர்தான். பிறகு ஏழெட்டுப் பேர். கடைசியாகத் தம்பி, அந்தக் குளிர்ந்த கல் தரையில் வெறுங்காலோடு.

வந்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். சாவுக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இவர்கள் அப்பாவின் நெஞ்சைப் பார்த்தார்கள். அத்தனை பேரும், கண் கொட்டாமல், அது எழும்புகிறதா என்று பார்த்தார்கள். அவளும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

தம்பியைப் பக்கத்து அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். மெலிந்திருந்தான். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"அப்பா கைய யாருடா பிடிச்சிருந்தது?"

அவன் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"நீதானே?"

"அவரு கேட்டாருக்கா. என் பையன்தான் பிடிக்கணும்னு கேட்டாரு."

"எப்போ நின்னுச்சு?"

"பல் டாக்டர் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி."

"கொஞ்சம் முன்னாடியா?"

"ரொம்ப முன்னாடிக்கா."

வெளியே யாரோ இருமினார்கள்.

"முகத்த வைக்கறதுக்கு முன்னாடி காதுல சொன்னாரு. என்ன ஆனாலும் தூக்கிடாதடா, நீ வீட்டுக்கு வரணும்னாரு. முதல்ல தடுமாறுச்சு. அப்புறம் நூல் மாதிரி ஆச்சு. அப்புறம் இல்ல. அழுத்திப் பாத்தேன். இன்னும் அழுத்திப் பாத்தேன். எதிர்ல அந்த ஆளு அசையவே மாட்டேங்கறாரு. நான் அப்படியே உக்காந்திருந்தேன்."

அவனை ஓங்கி அறைய வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் இருந்தது. அவன் கால்களைப் பார்த்தாள். சின்ன வயதில் அந்தக் கால்களுக்கு அவள்தான் சாக்ஸ் போட்டுவிடுவாள்.

"இப்ப எதுக்கு எல்லாரும் வந்திருக்காங்க?"

"கேக்கறதுக்கு. ஆள் செத்த மேசையில வெச்சுக் கேக்க மாட்டாங்க. பெட்டிய மூடறதுக்குள்ள கேக்கணும். பல் டாக்டர் எழுந்தப்போ அப்பாவுக்கு நாடி இருந்துச்சான்னு. இருந்துச்சுன்னா அப்பா ஜெயிச்சாரு, நான் வீட்டுக்கு வரலாம். இல்லன்னா ஆட்டம் அங்கயே முடிஞ்சு போச்சு, அப்பா தோத்துட்டாரு. நான் அவங்களோட திரும்பிப் போகணும்."

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? இருந்துச்சுன்னு சொல்லிட்டு வா."

"பல் டாக்டரும் ஷூவை வெச்சிருக்காருக்கா."

அவள் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிளினிக் போயிடுச்சு, வீடு போயிடுச்சு. நேத்து ஷூவை வெச்சாரு. முடிவு தெரியாததால இன்னும் கழட்டல. நான் வந்தா அவரு போகணும். அவருக்கும் பொண்ணு இருக்கு." அவன் குரல் தாழ்ந்தது. "அதோட, செத்தவர் நாடியில கைய வெச்சுட்டு இதுவரைக்கும் யாரும் பொய் சொன்னதில்ல."

"சொன்னா என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கறேன்," என்றான். "அதுதான் பயமா இருக்கு."

அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. பல் டாக்டரை அவளுக்குத் தெரியும். ஒரு தடவை அவளுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். வலித்தால் கையைத் தூக்கும்மா என்று அடிக்கடி சொல்லி, தூக்கியபோதெல்லாம் நிறுத்திய நல்ல மனுஷன். அந்த நல்ல மனுஷனை நினைத்துப் பார்த்தாள். பிறகு தம்பியின் தோளைப் பிடித்து, "சொல்லிடு," என்றாள்.

கூடத்தில் முதலாளியம்மா பெட்டியருகே வந்து நின்றிருந்தாள். மூடியைத் தூக்க வந்த மண்டபத்து ஆளிடம், "ஒரு நிமிஷம் இருங்க, பையன் கும்பிட்டுக்கட்டும்," என்றாள் மரியாதையாக. அவர் ஒதுங்கி நின்றார்.

தம்பி குனிந்து அப்பாவின் வலது கையைத் தூக்கினான். அவள் போட்ட பித்தானைக் கழற்றி, தேய்த்த மடிப்பை மேலே தள்ளினான். அவன் மூன்று விரல்களும் அந்த மூன்று தடங்கள் மேல் பிசகாமல் உட்கார்ந்தன.

"டாக்டர் எழுந்தப்போ," என்றாள் முதலாளியம்மா, "இருந்துச்சா கண்ணு?"

பல் டாக்டர் எழுந்து நின்றார். "அவசரப்படாத. நல்லா நினைச்சுப் பாத்துச் சொல்லுப்பா," என்றார். வாயைத் திறக்கச் சொன்ன அதே மெல்லிய குரல்.

தம்பி கண்களை மூடிக்கொண்டான். கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அவள் அதை உண்மையிலேயே கவனித்தாள். பின்வரிசையில் எல்லா நெஞ்சுகளும் பெட்டியில் இருந்த நெஞ்சைப் போலவே இருந்தன. அவர்களுக்குப் பழக்கம் அது. தன் நெஞ்சும் அடைத்துக்கொண்டு நிற்பது அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இருந்துச்சு," என்றான் தம்பி.

வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. முதலாளியம்மா தலையசைத்துவிட்டுக் காகிதப் பையிலிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்து, தம்பியின் காலடியில் வைத்தாள். அவன் லிஃப்ட் வேலைக்குப் போட்டுப் போன ஷூ. முனையில் இன்னும் கிரீஸ் கறை இருந்தது.

பல் டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து தன் ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, அவசரமில்லாமல் அவிழ்த்தார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முதலாளியம்மாவிடம் கொடுத்தார். அவள் அதே பையில் போட்டுக்கொண்டாள். அவர் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார், பல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கப் போகிறவர் மாதிரி. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். சாக்ஸ் போட்ட அவருடைய கால்கள் மற்ற ஷூக்களுக்கு நடுவே சத்தமில்லாமல் வாசலைக் கடந்தன. யாரும் அவரைப் பிடித்துப் போகவில்லை.

கூடம் காலியாயிற்று. மண்டபத்து ஆள் தொண்டையைச் செருமினார்.

"மூடலாமாம்மா?"

"மூடிடுங்க. டேய், வா. ஷூவைப் போடு. வீட்டுக்குப் போலாம்."

தம்பி அசையவில்லை. கண்ணும் திறக்கவில்லை.

"தம்பி, கைய எடுடா."

"இருக்குக்கா."

"என்னடா?"

"இப்பவும் இருக்கு." அவன் உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன. "நல்லா இருக்கு. இப்ப எடுத்தா போயிடும்."

அவள் அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு மண்டபத்து ஆளைப் பார்த்தாள். அவர் மூடியின் விளிம்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கையைப் பெட்டிக்குள் நீட்டி, தம்பியின் விரல்களில் ஒன்றை மெதுவாகத் தூக்கினாள். அது குளிர்ந்து விறைத்திருந்தது. மற்ற இரண்டும் விடவில்லை. இன்னும் கொஞ்சம் பிடித்திழுத்தால் உடைந்துவிடும் போலிருந்தது.

தன் சட்டைக் கையை முழங்கைவரை தள்ளிக்கொண்டாள். இடது மணிக்கட்டை அப்பாவின் மணிக்கட்டோடு ஒட்டிவைத்து, அவன் விரல்களுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். மூன்று விரல்களும் ஒவ்வொன்றாக அவள் தோலுக்கு இடம் மாறின. உடனே அழுத்தின. வலித்தது. அவள் மற்றக் கையால் அப்பாவின் கையை நெஞ்சின் மேல் வைத்து, மடிப்பைச் சரிசெய்து, பித்தானைப் போட்டாள். மண்டபத்து ஆளுக்குத் தலையசைத்தாள்.

மூடி இறங்கிய சத்தம் தம்பிக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கண்களை மூடியபடியே, அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கி, திருப்தியோடு தலையை ஆட்டினான்.

"இருக்கு," என்றான்.