பச்சை வளையம்

கரண்டிச் சத்தம் முதலில் கேட்டதா, பச்சை வளையம் முதலில் எரிந்ததா என்று எனக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அருளம்பலம் இதை என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவை வளையம் முந்தியது, மறு தடவை கரண்டி முந்தியது என்றுதான் எனக்கு நினைவு. வாய் ஓயாமல் பேசுகிறவர் மாற்றிச் சொல்லியிருந்தால் பிழையை அவர் தலையில் போட்டுவிடலாம். அருளம்பலம் ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினாலே அதிகம். ஆகவே நான் என் நினைவைத்தான் சந்தேகப்படுகிறேன். மற்றதெல்லாம் நடந்தபடிதான் இருக்கிறது.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து இளைப்பாறியவர். உள்துறைமுகப் பக்கம் அவருடைய காணி. பழைய வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கு அப்பால், ஒரே மகள் நிரோஜினிக்கு ஒரு வீடு கட்டினார். பெண்ணின் பெயரில் வீடு எழுதாமல் இங்கே கலியாணப் பேச்சு வாசற்படி தாண்டாது. மாப்பிள்ளை சசிகரன் உப்புவெளியைச் சேர்ந்தவர், சுவிஸில் தமக்கையோடு இருப்பவர். தையில் கலியாணம். விசா கிடைக்கும்வரை நிரோஜினி புதுவீட்டில் இருப்பதென்று பேச்சு.

"நான் அங்க இல்லாட்டியும் இருக்கிற மாதிரி இருக்கவேணும், மாமா," என்றார் சசிகரன் வீடியோவில். "லைற் எல்லாம் என்ர பொறுப்பு."

மின்குமிழ்களை அவரே தெரிவு செய்தார். நிரோஜினி வாசிக்கிற மூலைக்கு மட்டும் மஞ்சள் வெளிச்சம் கேட்டாள். அவளுடைய தாய் யோகமலருக்கோ கலியாண மண்டபம் மாதிரி வெள்ளை வேண்டும். "இரண்டும் ஒரே பல்புக்குள்ள இருக்கு மாமி, போனில மாத்தலாம்," என்று சசிகரன் சிரித்தார். விடுமுறைக்கு வந்த அவருடைய உறவுக்காரர் ஒருவர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்து பார்த்தால் எல்லாமே திருகிப் பூட்டுகிற குமிழ்கள். வீட்டில் பூட்டியிருந்ததோ முளை வைத்து மாட்டுகிற பின் ஹோல்டர். தம்பலகாமத்திலிருந்து வந்த வயரிங் குலசிங்கம் ஏணியில் ஏறி, ஒவ்வொரு ஹோல்டராகக் கழற்றி மாற்றினார்.

"எங்கட ஊரில யானை வந்தாத்தான் இப்பிடி வீடு முழுக்க லைற் போடுவம்," என்றார் மேலிருந்தபடி. "இஞ்ச மாப்பிள்ளை வர முந்தியே போட்டாச்சு."

"பகிடியை விட்டிட்டு வேலையைப் பாரும்," என்றாள் யோகமலர்.

"அக்கா, முக்கியமான சங்கதி. இனிச் சுவிச்சில கை வைக்காதேங்கோ. நீங்கள் சுவிச்சை நூர்த்தா பல்ப் செத்த மாதிரி. பிறகு மாப்பிள்ளை அங்கயிருந்து என்ன சொன்னாலும் அதுக்குக் கேளாது."

"அப்ப என்னத்துக்கு உவ்வளவு சுவிச்சையும் பூட்டினனீர்?"

"சுவர் வெறுமனே இருக்கக்கூடாதெண்டு."

அறையைவிட்டு வெளியேறும்போது கை தானாகச் சுவிச்சுக்குப் போகும் பழக்கம் யோகமலருக்கு. குலசிங்கம் எல்லாச் சுவிச்சுகளுக்கும் மேலே கறுப்பு ரேப் ஒட்டிவிட்டார்.

பெட்டியில் தேங்காய்ப் பாதி அளவில் ஓர் உருண்டையும் இருந்தது. அதனிடம் வாயால் சொன்னால் விளக்கு எரியும். குசினிச் சுவர்த் தட்டில் வைக்கும்படி சசிகரன் சொல்லியிருந்தார். மாமி மீன் வெட்டிய கையோடு நின்றாலும் வாயால் சொல்லலாமே. இணைப்பு, கணக்கு எல்லாம் அவருடைய பெயரில். யோகமலர் அதற்கு முன்னால் போய் நின்று, "லைற்றைப் போடு ராசா," என்றாள். அது அசையவில்லை.

"அதுக்குத் தமிழ் விளங்காது அக்கா. இங்கிலீசில சொல்லவேணும்."

"நல்லதாப் போச்சு. அப்ப உதுக்கு முன்னால என்னவும் கதைக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அருளம்பலமும் சிரித்தார்.

மழை தொடங்கியது. பழைய குசினி ஒழுகியதால் பால் காய்ச்சிய கையோடு சமையல் புதுவீட்டுக்கு மாறியது. தினமும் பொழுதுபட்டு மைம்மலாகும்போது, யாரும் தொடாமலே முன் விறாந்தையில் விளக்கு எரியும். "மாப்பிள்ளை விளக்கு வைச்சிட்டார்," என்று யோகமலர் வேலியால் எட்டி அயலுக்குச் சொல்லுவாள். அந்த உருண்டையின் விளிம்பில் இடைக்கிடை பச்சை வெளிச்சம் ஒன்று வளையமாகச் சுற்றும். "மூச்சு விடுது," என்பாள். "இன்ரநெற் வேலை செய்யுதெண்டு காட்டுதாக்கும்," என்றார் குலசிங்கம். ஒருநாள் சசிகரன் தொலைபேசியில், "அங்க நல்ல மழை போல," என்றார். எங்கட மழைகூட மாப்பிள்ளைக்குத் தெரிகிறதே என்று யோகமலர் பூரித்துப்போனாள்.

நிரோஜினிக்குக் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், வேலை. பின்னேரம் வந்ததும் தகப்பனும் மகளும் புதுக் குசினியில் பால் விடாத பிளேன்ரீயோடு உட்காருவார்கள். கதைக்கமாட்டார்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருப்பாள். அவர் ஜன்னலால் துறைமுகப் பக்கம் பார்ப்பார். கோப்பைகள் காலியாகும்வரை அந்த அமைதியை இருவரும் பங்குபோட்டு அனுபவிப்பார்கள். அதற்குள் யோகமலர் வந்தால், "செத்த வீடோ இது?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அப்படி ஒரு பின்னேரம் அவள் புத்தகத்தை மூடினாள்.

"அப்பா, உங்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கோ?"

அருளம்பலம் கோப்பையைக் கீழே வைத்தார். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.

"எனக்கு அவரைத் தெரியாது பிள்ளை. நல்லாச் சிரிக்கிறார். ஆனா வீடியோவில கதைக்கேக்க எங்களைப் பாக்கிறதில்லை. எங்களுக்குப் பின்னால என்ன இருக்கெண்டு பாக்கிறார்."

"எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு. பயமாயும் இருக்கு. அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன். வேண்டாமெண்டா நீ ஒரு சொல்லுச் சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அவள் தலையாட்டினாள். அந்த ஒரு சொல்லை அவள் அன்று சொல்லவில்லை. சொல்ல நினைத்தால் சொல்வதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மூவரும் கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சசிகரன் சேமம் விசாரித்தார், மண்டபத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "மாமா, நான் உங்களைத்தான் பாக்கிறன். உங்களுக்குப் பின்னால ஒண்டையும் பாக்கேல்லை," என்றார்.

யோகமலர் விளங்காமல் தானும் சிரித்தாள். அருளம்பலம் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையிடம் அவள் சொல்லிவிட்டாள் என்று அவர் நினைத்தார். அப்பா அம்மாவிடம் சொல்லி, அம்மா அங்கே சொல்லிவிட்டாள் என்று அவள் நினைத்தாள். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இருவரும் கேட்காத ஆட்கள். மறுநாள் அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். அருளம்பலம் தனியே இருந்தார். இதுவும் அமைதிதான். ஆனால் பழைய அமைதி அல்ல. அவள் வேண்டாம் என்று நினைத்தாலும் இனி அந்தச் சொல்லைத் தன்னிடம் சொல்லமாட்டாள், சொல்லாமலே தையில் மணவறையில் போய் இருப்பாள் என்ற நினைப்பு அவரைத் தின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் யோகமலர் காளி கோயிலுக்குப் போயிருந்தாள். நிரோஜினி பழைய வீட்டில் சீலை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். தூவானம் அடிக்கிறதென்று புதுவீட்டு ஜன்னலைச் சாத்த வந்த அருளம்பலம் குசினிக் கதிரையில் சும்மா உட்கார்ந்தார். தேத்தண்ணிகூட இல்லை.

பச்சை வளையம் எரிந்தது. கரண்டிச் சத்தம் கேட்டது.

கோப்பைக்குள் சீனி கலக்குகிற சத்தம். கிணுங், கிணுங் என்று நிதானமாக. அவர் அடுப்புப் பக்கம் பார்த்தார். ஆளில்லை. கழுவிய கோப்பைகள் கவிழ்த்தபடி கிடந்தன. அடுத்ததாக, அவருக்குக் கை எட்டும் தூரத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆண் குரல்.

உடம்பு முழுக்க மயிர் கூச்செறிந்தது. வாழ்நாள் முழுக்கச் சத்தமில்லாமல் இருந்து பழகியவர் என்பதால் அந்த நேரத்திலும் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த உருண்டையைப் பார்த்தபடியே இருந்தார். அதற்குள்ளிருந்து ஒரு கதிரை இழுபடும் சத்தம் வந்தது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மழை விளங்கியது, ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு விளங்கியது. மகள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதும் விளங்கியது. இத்தனை நாளும் அவளைப் பிழையாக நினைத்த வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக எழுந்தது.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடியால் ஓடினார். நிரோஜினி அவர் முகத்தைப் பார்த்ததும் அயனை நிமிர்த்தி வைத்தாள். அவர் உதட்டில் விரல் வைத்து, அவள் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

இருவரும் குசினி வாசலில் மூச்சைப் பிடித்து நின்றார்கள். வளையம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"என்னடா, ஒருத்தரும் இல்லையோ?" ஒரு பெண் குரல். சசிகரனின் தமக்கை.

"கிழவன் இருக்குது போல. முதல்ல கதிரை அசைஞ்சது கேட்டது. அது இருந்தா ஒண்டும் வராது அக்கா. வாயே திறக்காது."

"பெட்டை வரட்டும். அண்டைக்கு மாதிரித் தேப்பனோட ஏதும் புலம்பும்."

"தாய் வந்தாலும் பரவாயில்லை. வானொலிதான்."

இருவரும் சிரித்தார்கள். கரண்டி மறுபடி கோப்பைக்குள் சுற்றியது.

நிரோஜினி தகப்பனின் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, தட்டுக்குப் பக்கத்தில் போனாள். குரல் உயரவில்லை.

"தேத்தண்ணி ஆறுது, சசிகரன். குடியுங்கோ."

கரண்டி நின்றது. ஒரு கணம் இரண்டு நாட்டிலும் ஒரு சத்தமும் இல்லை. பின்பு அங்கே ஏதோ விழுந்து உடைந்தது. பதற்றத்தில் சசிகரன் கைபேசியில் எதையெல்லாம் அழுத்தினாரோ, குசினி, விறாந்தை, அறைகள், கேற்று என்று வீடு முழுக்க ஒரே நேரத்தில் கண் கூசும் வெள்ளையாக எரிந்தது. வளையம் நூர்ந்தது.

அந்த வெளிச்சத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ சொன்னனியெண்டு நினைச்சுப்போட்டன்," என்றார் அருளம்பலம்.

"நானும் அப்பிடித்தான் அப்பா."

அவர் சுவரருகே போய், சுவிச்சுக்கு மேல் ஒட்டியிருந்த ரேப்பை நகத்தால் உரித்தார். குசினி இருண்டது. அவள் மற்ற அறைகளுக்குப் போனாள். ஒவ்வொன்றாக ரேப் உரிபடும் சத்தமும் சுவிச் விழும் சத்தமும் கேட்டன. கடைசி விளக்கை நூர்த்துவிட்டு விறாந்தையிலிருந்து அவள் சொன்னாள்:

"வேண்டாம் அப்பா."

கோயிலால் வந்த யோகமலர் முதலில் நம்பவில்லை. பிறகு, "எங்களில அக்கறையிலதானே மாப்பிள்ளை கேட்டுக்கொண்டு இருந்திருப்பார்?" என்றாள். மண்டபம் பேசியாயிற்று, ஊருக்கு என்ன சொல்வது என்று அழுதாள். அழுதுகொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, வாயில் கை வைத்தாள்.

"ஐயோ, அவன்ர தாய் சிரிக்கிறது ஆடு கத்துற மாதிரியெண்டு நான் நடிச்செல்லோ காட்டினனான்! என்ர மூலவருத்தம் எல்லாம் கதைச்சனான்! இஞ்சருங்கோ, உந்த உருண்டையை முதல்ல அந்த இடத்தால எடுங்கோ!"

அன்று இரவு அருளம்பலமே சசிகரனுக்குத் தொலைபேசி எடுத்தார். எதிர்ப்பக்கம் அழுகிற குரல்.

"கெட்ட எண்ணத்தில செய்யேல்லை மாமா. இஞ்ச வேலையால வந்தா ஒரு சத்தமும் இல்லை. அங்க கப்பல் ஊதுறது கேக்கும், மாமி தேங்காய் துருவுறது கேக்கும். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பன்."

அது உண்மையாக இருக்கலாம் என்று அருளம்பலத்துக்குத் தோன்றியது. சத்தங்களைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற மனிதனை அவரைவிட யார் அறிவார்? அதுதான் அவரை இன்னும் திடுக்கிட வைத்தது.

"உம்மட அக்காவையும் பக்கத்தில வைச்சுக்கொண்டோ, தம்பி?" என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்காமல், "கலியாணம் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

குமிழ்களையும் உருண்டையையும் அதே பெட்டியில் அடுக்கி உப்புவெளியில் சசிகரனின் தாயிடம் கொடுத்துவிட்டார்கள். குலசிங்கம் திரும்ப வந்து பின் ஹோல்டர்களைப் பூட்டினார். வாசிக்கிற மூலைக்கு மட்டும் மஞ்சள் குமிழ். சசிகரன் மறுவருடம் வேறிடத்தில் கலியாணம் கட்டி, இப்போது ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பன். தமக்கை அவர்களோடு இல்லை. யோகமலர் சீனி வியாதியோடு இருக்கிறாள். புதுக் குசினிக்குள் போனால் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பாள். நிரோஜினி கலியாணம் கட்டவில்லை. தன் வீட்டில் இருக்கிறாள், கச்சேரியில் பதவி உயர்ந்திருக்கிறது. அருளம்பலம் போன மாரியில் நெஞ்சுவலி வந்து காலமானார். அதுவரை பின்னேரத்தில் இரண்டு கோப்பை பிளேன்ரீ வைக்கப்பட்டது. இப்போது ஒன்று.