ஒன்றுமில்லை என்ற செய்தி

சின்னவள் வடிவமைத்த சிப் இன்னும் பிறக்கவே இல்லை. பிறந்தால் ஒழுங்காக நடக்குமா என்று எட்டு கம்ப்யூட்டர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தன. சர்க்யூட்டைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தாள். பக்கத்துத் துண்டிலிருந்து செய்தி வந்தால்தான் ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தை நகர்த்தும். சொல்ல ஏதுமில்லாவிட்டாலும், "இந்த நேரம்வரை என்னிடமிருந்து ஒன்றும் வராது, நீ போ" என்று ஒரு வெற்றுச் செய்தியாவது அனுப்புவது அவற்றின் மரியாதை.

அந்த வெற்றுச் செய்திகளைத்தான் காலையில் அவள் வெட்டி எறிந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்ல எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? வேகம் கூடும் என்ற பேராசை. மதியம் எல்லாமே நின்றுவிட்டன. பிழை என்று ஒரு வரிகூட இல்லை. நீ முதலில் சொல் என்று ஒன்றையொன்று பார்த்தபடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

அவளும் அக்காவும் அப்படித்தான் இருந்தார்கள். அக்கா மகளின் பிறந்தநாளை இவள் வேலையில் மறந்துபோக, "உனக்கு மெஷின்தான் சொந்தம்" என்று அக்கா வெடித்தாள். இவளுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் வெட்டிக்கதை பேசியவர்கள், மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. இன்றிரவு அக்கா குடும்பத்தோடு கடல்தாண்டிப் போகிறாள். அத்தான்தான் தகவல் அனுப்பியிருந்தார்.

கம்ப்யூட்டர்களின் இரைச்சலில் கண் செருகியது. சர்க்யூட்டுக்குள் நடந்தாள். வரிசையாக அறைகள், ஒன்றில் விடியல், அடுத்ததில் அந்தி. ஒவ்வொன்றிலும் யாரோ கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி அறையில் அக்கா, மூடாத பெட்டியின்மேல், மடியில் ஃபோனோடு. அந்த முகத்தில் கோபமே இல்லை. காத்திருந்தாள், அவ்வளவுதான்.

திடுக்கிட்டு விழித்தவள், வெற்றுச் செய்தி அனுப்பும் வரிகளைத் திரும்பச் சேர்த்து ஓடவிட்டாள். திரையில் கடிகாரங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. மனசு தாங்காமல் ஃபோனை எடுத்தாள். முதல் மணி முடியுமுன்பே அக்கா எடுத்துவிட்டாள்.

"என்னடி?"

மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டாள்; வாயில் வந்தது வேறு.

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பெட்டி மூட மாட்டேங்குது. வந்து மேல உக்காரு."

சின்னவள் மேசைக்கடியில் செருப்பைத் தேடினாள்.