நீலப் பையும் உரச் சாக்கும்

ஏ ஒன்பது வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகிற வாகனம் கிடையாது. தாட்சாயினியும் ஆட்டோவை ஓரங்கட்டினாள். தேங்காய் உடைத்தாள். கச்சான் கடலைச் சரை ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆட்டோவின் பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. காலையில் இரணைமடுவில் சாமான் ஏற்றியது அவள் கைதான். இரண்டு ஸ்பீக்கர், அவற்றை நிறுத்தக் கால்கள், ஒற்றை லைட் சட்டம், லப்ரொப், மைக், ஒரு நீலப் பை. அவ்வளவுதான். அந்தப் பாரத்துக்கு இந்த ஆட்டோ இப்படிக் குந்தாது.

பின் சீட்டில் அவள் கணவன் குகதாசன், இடுப்புப் பட்டியோடு, உலகத்தில் ஒரு பாவமும் அறியாதவன் போல வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா இறங்குங்கோ."

"ஏனப்பா? இடுப்பு நோகுது."

"காலமை நோகேல்லையே? இறங்குங்கோ."

சீட்டுக்குப் பின்னால், பழைய பாய் ஒன்றுக்குக் கீழே, கழுத்து இறுகக் கட்டிய உரச் சாக்கு ஒன்று ஒளிந்திருந்தது.

"என்ன இது?"

"சும்மா. ஒரு பாதுகாப்புக்கு."

"ஒரு வாளித் தண்ணியும் தூக்கக்கூடாதெண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். இதை ஆர் ஏத்தினது?"

குகதாசன் அவள் கைச் சரையிலிருந்து ஒரு கச்சானை எடுத்து உடைத்தான்.

"லாபிர் நானாவோ?"

"அந்தாளைப் பேசாதையும். நான்தான் கூப்பிட்டனான். பக்கத்து வீட்டுக்காரன் எண்டால் ஒரு உதவி செய்யமாட்டானோ?"

தாட்சாயினி பல்லைக் கடித்தாள். சண்டை பிடிக்க நேரமில்லை. ஒட்டுசுட்டானில் ஒரு சாமத்திய வீடு காத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இன்றைக்கு என்ன நடக்கிறதோ, அதில்தான் இந்த மனிதனின் முதுகெலும்பு தொங்கிக்கொண்டிருந்தது.

விசயம் இதுதான். கிளிநொச்சிப் பக்கத்தில் 'குகன் சவுண்ட்ஸ்' என்றால் ஒரு லொறி நிறைந்த சாமான். ஆள் உயரப் பெட்டிகள். மேடைக்கு இந்தப் பக்கம் ஒரு லைட் மரம், அந்தப் பக்கம் ஒரு லைட் மரம். ஜெனரேற்றர். அது பழுதானால் இன்னொரு ஜெனரேற்றர். வயருக்கு வயர், அந்த வயருக்கும் வயர். எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் வராது. போன வருடம் பளையில் ஒரு கலியாண வீட்டில், பெட்டியைத் தூக்கியவன் பெட்டியோடு சரிந்தான். மாப்பிள்ளைக்கு வந்த காரில் அவனைப் படுக்கவைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் எழும்பி நடப்பது கஷ்டம் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார்.

அன்றிலிருந்து தாட்சாயினி இரவும் பகலும் யோசித்துக் கண்டுபிடித்த முறை இது. ஆட்டோ எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் சாமான். ஸ்பீக்கர்களுக்குள்ளேயே பற்றரி. பாட்டு லப்ரொப்பிலிருந்து வயர் இல்லாமல் போகும். ஒரே சட்டத்தில் எல்லா லைட்டும். ஒரு பெண் தனியாகப் பூட்டலாம், தனியாகக் கழற்றலாம்.

குகதாசன் சிரித்தான். பிறகு ஒரு நிபந்தனை வைத்தான்.

"ஒட்டுசுட்டானை உம்மட முறையில செய்வம். அந்த வீட்டில ஆராவது ஒருத்தர் ஒரு குறை சொன்னாலும், அடுத்த நாளே லொறியைக் கூப்பிடுவன். நானே தூக்குவன்."

அவன் சொன்னால் செய்வான். அதுதான் அவளுடைய பயம்.

*

மாங்குளத்தில் திரும்பி, காட்டு வீதியால் ஒட்டுசுட்டானுக்கு வந்து சேர்ந்தபோது பந்தல் தயாராக இருந்தது. வீட்டுக்காரி கௌசலா ஓடிவந்தாள். அவளுடைய மகள் யதுர்ஷிகா பெரியபிள்ளையானதற்குத்தான் இந்தச் சடங்கு.

"வாங்கோ அக்கா. பின்னால லொறி வருதோ?"

"இல்லைத் தங்கச்சி. இவ்வளவுந்தான்."

கௌசலாவின் முகம் ஒரு கணம் விழுந்து எழும்பியது. அவளுக்குப் பின்னால் வந்து நின்றார் கனகலிங்கம். பிள்ளையின் தாய்மாமன். பட்டு வேட்டி, கழுத்தில் சங்கிலி, கையில் ஃபோன். ஆட்டோவைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார்.

"என்ன குகன், சவுண்ட்ஸ் போடச் சொன்னால் மீன் விக்கிற பெட்டியைக் கொண்டு வந்திருக்கிறியள்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குகதாசன் மனைவியைப் பார்த்தான். 'இது குறையில் சேருமோ?' என்று கேட்கிற பார்வை.

"பாட்டுப் போட்ட பிறகு சொல்லுங்கோ அண்ணை" என்றாள் தாட்சாயினி.

"பாட்டு எப்பிடியும் கேக்கும் பிள்ளை. லைட்தான் முக்கியம். பிள்ளை உள்ளுக்கு வரேக்க ஒரு எடுப்பு வேணும். அதுக்காகத்தானே பட்டப்பகலில இவ்வளவு கறுப்புத் துணி அடிச்சு மறைச்சிருக்கிறம்!"

உண்மைதான். பந்தலைச் சுற்றி, கூரைக்குக் கீழே எல்லாம் கறுப்புத் துணி. உள்ளே அந்திநேர இருட்டு. எதிர்ப்பக்கம் மணவறைக்குப் பின்னால் மட்டும் வெள்ளைத் துணி ஒன்று விரிந்திருந்தது.

தாட்சாயினி மளமளவென்று வேலையைத் தொடங்கினாள். கால்களை விரித்தாள், ஸ்பீக்கர்களை ஏற்றினாள், பொத்தானை அழுத்தினாள். பச்சைப் புள்ளி ஒளிர்ந்தது. லப்ரொப்பைத் திறந்தாள். நாதஸ்வரம் பந்தலை நிறைத்தது. குறுக்கே ஒரு வயர் இல்லை. பிள்ளைகள் தடக்கி விழ ஒன்றும் இல்லை. சமையல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "நல்லா விளங்குது பிள்ளை" என்றாள்.

இனி லைட். சட்டத்தை நிறுத்தினாள். நீலப் பைக்குக் கை நீட்டினாள்.

பை இல்லை.

ஆட்டோவுக்குள் பார்த்தாள். சீட்டுக்குக் கீழே பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ. நீலப் பை எங்க?"

குகதாசனின் முகம் மாறியது. "அதுக்குள்ள வயர்தானே இருந்தது?"

"எங்க எண்டு கேட்டனான்."

"சாக்கு வைக்க இடம் காணேல்லை. அதால... வீட்டு வாசல்ல இறக்கி வைச்சனான். வயர் எண்டால் சாக்குக்குள்ள எவ்வளவு கிடக்கு!"

"அது வயர் இல்லையப்பா. இந்த லைட்டுக்கு மின்சாரம் மாத்திக் குடுக்கிற பெட்டி. அது இல்லாட்டி இது வெறும் தகரம்."

லாபிருக்கு ஃபோன் போட்டாள். அவர் கடைச் சாமானுக்கு வவுனியா போயிருந்தார். வீட்டிலிருந்து வேறு யாரும் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நல்ல நேரம் கடந்துவிடும். உள்ளே பிள்ளைக்கு நகை போட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தலில் கதிரைகள் நிறையத் தொடங்கின. கனகலிங்கத்தின் குரல் எங்கேயோ கேட்டது: "லைட்டைப் போடச் சொல்லுங்கோ, ஒருக்காப் பாப்பம்!"

தாட்சாயினி சாக்கின் கட்டை அவிழ்த்து நிலத்தில் கொட்டினாள். அதற்குள் பொருந்துகிற ஏதாவது இருக்காதா என்ற நப்பாசை.

உருண்டை முனைப் பிளக் பூட்டிய வயர்கள். துருப்பிடித்த கோயில் குழாய் ஸ்பீக்கர் ஒன்று. பழைய அம்பிளிபயர். இன்னும் வயர். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய சாரத் துண்டில் சுற்றி, உள்ளங்கை அளவில் ஒன்று.

துணியை விரித்தாள். சைக்கிள் டைனமோ.

அந்த நெளிவை அவளுக்குத் தெரியும். அதன் தலைக்குக் கீழே, கல்லில் விழுந்த நெளிவு.

வன்னிக்குள் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த காலம். குகதாசன் வீட்டு மாமரத்தின் கீழ் ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கும். டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேப் ரெக்கோடருக்குப் போகும். பெடலைக் கையால் சுற்றினால்தான் பாட்டு. குகதாசன் சுற்றினால் பாடகி கீச்சிடுவாள். கை ஓய்ந்தால் பாடகன் காய்ச்சல்காரன் மாதிரி முனகுவான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்த பெட்டை தாட்சாயினி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தாள். "தள்ளுங்கோ. சீராச் சுத்தோணும். இல்லாட்டிப் பாட்டு இழுபடும்" என்று பெடலைப் பிடித்தாள். அவள் சுற்றினால் பாட்டு பிசகவே பிசகாது. பின்னேரங்களில் ஊர்ப் பெடியள் சுற்றிவரக் குந்தியிருப்பார்கள். குகதாசன் கசற் மாற்றுவான். அவள் மின்சாரமாக இருப்பாள். இருட்டத் தொடங்கினால் அதே வயரைச் சைக்கிள் லைட்டுக்கு மாற்றுவான். அவள் வேகமாகச் சுற்றச் சுற்ற மாமரத்து இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். மெதுவாக்கினால் மறுபடி மங்கும். அந்த வெளிச்சத்தில்தான் அவன் முகத்தை அவள் முதன்முதல் சரியாகப் பார்த்தாள்.

"இதை, சண்டைக்குள்ள ஓடேக்க, விசுவமடுவில சைக்கிளோட விட்டிட்டம் எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"சைக்கிளை விட்டனான். இதைக் கழட்டி எடுத்தனான்." குகதாசன் அவளைப் பார்க்கவில்லை. "மாத்தளனுக்கும் வந்தது. முகாமுக்கும் வந்தது. செக்கிங்கில எடுத்துப் பாத்தவங்கள். சைக்கிள் சாமான் எண்டனான், விட்டிட்டாங்கள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எவ்வளவு முக்கியமான சாமானெல்லாம் விட்டிட்டு வந்தனாங்கள். அதுக்குள்ள இதைக் கொண்டு வந்தனான் எண்டு சொன்னால், விசரன் எண்டு பேசியிருப்பீர்." சாரத் துண்டை மடித்தபடி சொன்னான்: "ஒருக்கா விட்டுட்டுப் போனால் அது திரும்பி வராது தாட்சா. அந்தப் பயந்தான். வேற ஒண்டுமில்லை."

ஒவ்வொரு வீட்டுக்கும் ஏன் அவன் லொறி நிறையச் சாமான் ஏற்றினான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"இண்டைக்கு வந்தது என்ட பிழை" என்றான் அவன். "உம்மட முறையில பிழை இல்லை. ஆனால் அந்தாள் இப்ப வந்து..."

தாட்சாயினி அதைக் கேட்கவில்லை. கையிலிருந்த டைனமோவைப் பார்த்தாள். பிறகு ஆட்டோவைப் பார்த்தாள். பழைய ஆட்டோ. எஞ்சினை முறுக்கினால்தான் முன் லைட் பிரகாசிக்கும், விட்டால் மங்கிப்போகும்.

"இஞ்சாருங்கோ! முன் சீட்டில ஏறி இருங்கோ."

"என்னத்துக்கு?"

"தூக்கிற வேலை இல்லை. முறுக்கிற வேலை."

*

பந்தல் வாசலுக்கு வெளியே, மணவறையை நேரே பார்த்தபடி ஆட்டோ நின்றது. சோடனைக்கு மிஞ்சிய மஞ்சள் வலைத் துணியை அதன் முன் லைட்டில் கட்டினாள் தாட்சாயினி. லப்ரொப்போடு வாசல் கப்புத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கனகலிங்கம் சந்தேகத்தோடு கண்ணைச் சுருக்கினார்.

பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டாள்.

தாட்சாயினி கையை உயர்த்தினாள். பாட்டு தொடங்கியது. குகதாசன் மெல்ல முறுக்கினான்.

மஞ்சள் வெளிச்சம் பந்தலுக்குள் ஊறியது. எதிரே வெள்ளைத் துணியில், கூரையை முட்டுகிற உயரத்தில், யதுர்ஷிகாவின் நிழல் எழுந்தது. கொண்டை மாலை, ஜிமிக்கி, கையிலிருந்த பூ, எல்லாம் தெரிந்தன. சனம் மூச்சை இழுத்தது. பிள்ளை ஒவ்வோர் அடியாக நடக்க, நிழல் ஒவ்வோர் அடியாகச் சிறுத்தது. மேளம் ஏறும்போது குகதாசன் முறுக்கினான், வெளிச்சம் பொங்கியது. மேளம் இறங்கும்போது விட்டான், வெளிச்சம் தணிந்தது. ஓர் இடத்திலும் பிசகவில்லை. மணவறையில் அவள் திரும்பி நின்றபோது நிழலும் அவளும் ஒரே அளவாக இருந்தார்கள்.

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது.

ஆட்டோவுக்குள் குகதாசன் கைப்பிடியை விடாமல் இருந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்ததைத் தாட்சாயினி மட்டும் பார்த்தாள்.

பந்தியில் இலை போடுகிற நேரம் கனகலிங்கம் நேரே அவர்களிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒரு குறை இருக்கு."

குகதாசன் தலையைக் குனிந்தான்.

"வந்த நேரம் தொட்டு இரண்டு பேரும் ஒரு வாய் சாப்பிடேல்லை. இது என்ன வேலை? வாங்கோ பந்திக்கு!" அவர் குரலைத் தாழ்த்தினார். "அது சரி, பாட்டுக்கு நடுவில ஒரு உறுமல் வந்துதே, அது எந்த சிஸ்டம்?"

குகதாசன் வெடித்துச் சிரித்தான். சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

வெளிக்கிடும்போது, நிலத்தில் கிடந்த குழாய் ஸ்பீக்கரைக் கனகலிங்கம் காலால் தட்டிப் பார்த்தார். "இது சத்தம் போடுமோ? வயலுக்குள்ள ஒவ்வொரு நாளும் யானை. வெடி கொளுத்தியும் போகுதில்லை."

தாட்சாயினி குகதாசனைப் பார்த்தாள். இது அவன் சொல்லவேண்டிய பதில்.

குகதாசன் ஸ்பீக்கரைப் பார்த்தான். அம்பிளிபயரைப் பார்த்தான். வயர்க் குவியலைப் பார்த்தான்.

"எல்லாத்தையும் வைச்சிருங்கோ அண்ணை. சாக்கையும் வைச்சிருங்கோ. யானைக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுங்கோ."

ஆட்டோ பின்பக்கம் குந்தாமல், லேசாக மாங்குளம் வீதியில் ஏறியது. இருபக்கமும் காடு, வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. குகதாசன் மடியில் டைனமோ இருந்தது. அதன் தலையைப் பெருவிரலால் உருட்டினான். கிர்... கிர்... என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தது.

தாட்சாயினி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"சீராச் சுத்துங்கோ. பாட்டு இழுபடும்."